ஆம்னி பின்பக்க ஆயில் சீல்: போர்டு இல்லாத ஒரு ஷெட்டில் பார்த்த வேலை

கியர்பாக்ஸை இறக்கிச் செய்யவேண்டிய வேலை எதுவாக இருந்தாலும், பழைய மாருதி வைத்திருப்பவர்கள் இந்த ஷெட்டுக்கு தைரியமாகப் போகலாம். ஏ.சி. ரூமில் உட்கார இடம், வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட், கம்ப்யூட்டர் பில், சொன்ன நேரத்துக்கு வண்டி என்று எதிர்பார்ப்பவர்கள் அந்தப் பக்கமே போகவேண்டாம். எஞ்சின் ஆயில் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் வளையம்தான் ஆயில் சீல்; என் ஆம்னியில் பின்பக்க சீல் போய், இங்கேதான் மாற்றினேன். அவசரமாகப் படிப்பவர்களுக்கு இது போதும். எண்ணெய் ஒழுகும் வண்டியோடு அலைந்துகொண்டிருப்பவர்கள் மீதியையும் படியுங்கள்.

இடம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு ஒரகடம் சாலையில் திரும்பி, கொஞ்ச தூரம் போனதும் உள்ளே இறங்கும் மண் பாதை. இரண்டு வேப்ப மரம், நடுவே ஒரு தகரக் கொட்டகை, சுவரோரம் எந்நேரமும் இரண்டு மூன்று ஆம்னியோ மாருதி 800-ஓ நிற்கும். அதுதான் அடையாளம். பெயரையும் நம்பரையும் எங்கேயும் போடாதே என்று ஷெட்டை நடத்தும் மெக்கானிக்கே சொல்லிவிட்டார். "இருக்குற வண்டியப் பாக்கவே நேரமில்ல, நீ வேற ஆள சேத்து விடாத" என்றார். அதனால் இந்தக் கட்டுரையில் அவர் வெறும் மேஸ்திரிதான். தேடிப் போகிறவர்கள் அந்த மண் பாதையில் இருக்கும் டீக்கடையில் கேட்டால் கை காட்டுவார்கள்.

ஒரு பக்கம் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை, இன்னொரு பக்கம் ஒரகடத்தில் ரெனோ நிஸானும் ராயல் என்ஃபீல்டும். நாடு முழுக்க ஓடும் வண்டிகளில் பாதி எங்கள் ஊரைச் சுற்றித்தான் பிறக்கிறதோ என்று தோன்றும். ஆனால் கார்புரேட்டர் வைத்த ஆம்னிக்கு ஒரு ஆளைக் கண்டுபிடிக்க, அந்தத் தொழிற்சாலைகளின் மதில் சுவரையெல்லாம் தாண்டி வேப்ப மரத்தடிக்குத்தான் போகவேண்டியிருக்கிறது.

என் வண்டியைப் பற்றி. 1999 மாடல் ஆம்னி, 796 சிசி எஞ்சின், நான்கு கியர். நான் செங்கல்பட்டில் மைக் செட், சீரியல் லைட் வாடகைக்கு விடுகிறவன். ஸ்பீக்கர் பாக்ஸ், ஆம்ப்ளிஃபையர், குழாய் ஸ்பீக்கர், ஒயர் மூட்டை, சின்ன ஜெனரேட்டர் எல்லாம் பின்னால் ஏறிவிட்டால் வண்டி முழங்கால் மடக்கி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடும். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்த வண்டி இது. ஆம்னி என்று பெயர் மாறியது 1988-ல். 2019-ல் கம்பெனி நிறுத்தியே விட்டது. ஆனால் எங்கள் தொழிலில் இன்னும் யாரும் நிறுத்தவில்லை. தரை தாழ்வாக, கதவு பக்கவாட்டில் தள்ளித் திறக்கிற மாதிரி, சந்துக்குள் நுழைகிற மாதிரி வேறு வண்டி இந்த விலைக்குக் கிடையாது. ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

பிரச்சினை கிளட்ச்சில்தான் முதலில் தெரிந்தது. திருக்கழுக்குன்றம் போகும்போது லோடோடு ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. கூடவே ஒரு கருகல் வாடை. வண்டி நின்ற இடத்தில் எல்லாம் கறுப்பாக எண்ணெய்ப் பொட்டு. ஒரு கல்யாண மண்டபத்தில் புதிதாகப் போட்டிருந்த தரைக்கல்லில் சொட்டி, மண்டபத்து மேனேஜர் என் அட்வான்ஸில் இருநூறு ரூபாயைப் பிடித்துக்கொண்டார். ஆயில் ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் கீழ்க்கோட்டுக்கும் கீழே. இந்த எஞ்சினில் மொத்தமே சுமார் மூன்று லிட்டர்தான் ஆயில். அதில் ஒரு லிட்டர் போனால் மிச்சம் எஞ்சினைக் காப்பாற்றப் போதாது. சிவப்பு விளக்கு எரியட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த விளக்கு ஆயில் குறைந்ததற்கு எரியாது, ஆயில் பிரஷர் விழுந்த பிறகுதான் எரியும். அதற்குள் பேரிங் காய ஆரம்பித்திருக்கும்.

இந்த ஷெட்டுக்கு முன்னால் ஊருக்குள்ளேயே ஒரு ஒர்க்ஷாப்பில் விட்டிருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே எட்டிப் பார்த்ததும் எஞ்சினின் மேல்மூடியான டேப்பட் கவரின் பேக்கிங் போய்விட்டது என்றார்கள். பேக்கிங் மாற்றி, சுற்றிலும் அனபாண்ட் என்ற ஒட்டுப் பசையை அப்பி, "இத ஊத்துங்க, எல்லா ஒழுக்கும் நிக்கும்" என்று ஒரு பாட்டில் மருந்தையும் ஆயிலில் ஊற்றி, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கொஞ்ச நாள் நின்ற மாதிரி இருந்தது. அந்த மருந்து செய்கிற வேலை அவ்வளவுதான்: காய்ந்துபோன ரப்பரைக் கொஞ்சம் ஊறவைத்து உப்ப வைக்கும். உப்பிய ரப்பர் ஷாஃப்டை மறுபடி தொடும். ஷாஃப்டைத் தொடுகிற சீலின் உள் ஓரத்தை உதடு என்பார்கள்; தேய்ந்துபோன உதடு எப்படி முளைக்கும்? திரும்ப ஒழுகியது, முன்னைவிட அதிகமாக. திரும்பப் போனால், இந்த முறை எஞ்சினையே கழற்றவேண்டும், 14,000 ஆகும் என்றார்கள். அப்போதுதான் பந்தல்காரர் ஒருவர் இந்த மேஸ்திரியைச் சொன்னார்.

மேஸ்திரியிடம் எனக்குப் பிடித்ததே முதல் அரைநாள்தான். ஸ்பேனரைக் கையில் எடுக்கவே இல்லை. முதலில் வண்டிக்கு அடியில் படுத்து, எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற பெல் ஹவுசிங்கின் அடியில் விரலால் ஒரு சொட்டை எடுத்தார். வெள்ளைத் தாளில் தேய்த்தார். மோந்து பார்த்தார். என்னிடமும் நீட்டினார்.

"மோந்து பாரு மைக் செட்டு. கியர் ஆயிலா இருந்தா கந்தகம் மாதிரி மூக்க அறுக்கும். இது எஞ்சின் ஆயிலு, கரி புடிச்சிருக்கு பாரு."

இது சின்ன விஷயம் இல்லை. அந்த இடத்தில் இரண்டு எண்ணெய் வரலாம். கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்டின் சீல் போனால் கியர் ஆயில் அங்கே வரும். எஞ்சினுக்குள் சுற்றும் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க சீல் போனால் எஞ்சின் ஆயில் வரும். இரண்டுக்கும் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆகவேண்டும், ஆனால் மாற்றவேண்டிய சீல் வேறு. மோந்து பார்க்காமல் இறக்கி, தப்பான சீலை மாற்றி ஏற்றிய கதைகள் ஊரில் நிறைய.

அப்புறம் எஞ்சினைக் கழுவச் சொன்னார். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தானே. சீட்டைத் தூக்கிவிட்டு, பையன் மண்ணெண்ணெயும் பிரஷும் வைத்து மேலிருந்து கீழ் வரை தேய்த்தான். கம்ப்ரஸர் காற்றால் காயவைத்தார்கள். காய்ந்த பிறகு மேஸ்திரி உள்ளேயிருந்து ஒரு முகப் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தார். டேப்பட் கவர் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, ஆயில் ஃபில்டர், அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் விளிம்பு என்று எங்கெல்லாம் எண்ணெய் கசியலாமோ அங்கெல்லாம் பவுடரைத் தூவினார். "மறைமலை நகர் வரைக்கும் ஓட்டிட்டு வா, மெதுவா இல்ல, நீ எப்பவும் ஓட்டுற மாதிரி" என்று அனுப்பினார்.

ஓட்டச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நிறுத்தி வைத்த வண்டியில் ஆயில் சம்ப்புக்குள் இறங்கிவிடும், பின்பக்க சீல் வரைக்கும் மட்டம் வராது. எஞ்சின் ஓடும்போதுதான் பேரிங்கிலிருந்து தெறிக்கும் ஆயில் சீலுக்குப் பின்னால் போய் முட்டும். ஓடும்போது ஒழுகி பெல் ஹவுசிங்கில் தேங்கியதுதான் நிறுத்திய பிறகு சொட்டுகிறது. நின்ற வண்டியைப் பார்த்து இங்கே ஒழுகவில்லை என்று சொல்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

திரும்பி வந்ததும் டார்ச் அடித்துக் காட்டினார். டேப்பட் கவர் ஓரம் பவுடர் அப்படியே வெள்ளையாக. டிஸ்ட்ரிபியூட்டர் அடியும் அப்படியே. சம்ப் விளிம்பில் ஈரம் இல்லை. பெல் ஹவுசிங் அடியில் மட்டும் புதிதாக ஒரு கறுப்புக் கோடு. சரி, பின்பக்க சீல்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. எஞ்சினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒரு துண்டுக் காகிதத்தை அதன் மேல் வைத்தார். காகிதம் மேலே எழும்பி எழும்பி ஆடியது. எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பி.சி.வி. வால்வைக் கழற்றிக் காதருகே வைத்துக் குலுக்கினார். நல்ல வால்வு உள்ளே லொடலொட என்று சத்தம் போடவேண்டும். இது ஊமையாக இருந்தது. உள்ளே கரி அடைத்திருக்கிறது.

"பிஸ்டன தாண்டி கொஞ்சம் காத்து கீழ எறங்கத்தான் செய்யும், எந்த எஞ்சினா இருந்தாலும். அது போறதுக்கு இதான் வழி. இது அடச்சிட்டா எங்க லொடக்குன்னு இருக்கோ அங்க தள்ளிக்கினு வரும். சீல மட்டும் மாத்தி அனுப்புனேன்னு வையி, ஆறு மாசத்துல திரும்ப என்னயத் திட்டிக்கினு வருவ."

சீல் தேய்வது வயதால் என்று மட்டும்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன்னால் பார்த்த ஒர்க்ஷாப்பில் இந்த வால்வின் பெயரையே யாரும் எடுக்கவில்லை. என்னைக் கேட்டால் இந்த ஷெட்டுக்குக் கொடுக்கிற கூலியில் பாதி இதற்கே தகும்.

சாமான் வாங்கும் வேலையை அவர் நம் தலையில்தான் கட்டுவார். கோயில் திருவிழா நோட்டீஸின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதித் தந்தார்: பின்பக்க கிராங்க் சீல், சீல் ஹவுசிங் பேக்கிங், சம்ப் பேக்கிங், கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பி.சி.வி. வால்வு, ஆயில் ஃபில்டர். "கமிஷன் அடிச்சேன்னு நாளைக்கு நீ சொல்லக்கூடாது" என்றார். சிலருக்கு இது தொந்தரவு. எனக்கு இது சரிதான், ஒயர் வாங்க எப்படியும் மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட் வரைக்கும் போகிறவன் நான், அந்தச் சாக்கில் வண்டி சாமான் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டுக்கும் போய்விடலாம்.

ஜி.பி. ரோட்டில் சீல் வாங்குகிறவர்களுக்கு நான் பார்த்துக் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் முன்பக்கமா பின்பக்கமா என்று கேட்பார்கள். முன்பக்க சீல் சின்னது, பின்பக்கம் பெரியது, தெளிவாகச் சொல்லவேண்டும். கடை வாசலில் வெயிலில் சரம் சரமாகத் தொங்கும் சீலைத் தொடாதீர்கள். ரப்பர் வண்டியில் ஏறாமலே கிழடாகும். பேக்கெட்டில் இருப்பதை எடுத்து உள் உதட்டை விரலால் தடவிப் பாருங்கள்: மெத்தென்று வளைந்து திரும்பவேண்டும், ஓரம் கத்தி முனை மாதிரி சீராக இருக்கவேண்டும், நுனியில் பிசிறோ வெட்டோ இருக்கக்கூடாது. உதட்டுக்குப் பின்னால் ஒரு மெல்லிய சுருள் கம்பி வளையமாக ஓடும், அது இடம் விட்டு நழுவியிருக்கக்கூடாது. உதட்டை ஷாஃப்டோடு அழுத்திப் பிடிப்பது அந்தக் கம்பிதான். சாதா நைட்ரைல் ரப்பரும் உண்டு, சூடு அதிகம் தாங்கும் வைட்டானும் உண்டு. பழுப்பு நிறமாக இருந்தால் வைட்டான் என்று கடைப் பையன்கள் சொல்வார்கள். நிறத்தை வைத்து ரப்பரைச் சொல்லவே முடியாது. டப்பாவில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். 70 ரூபாய்க்கும் ஒரு சீல் காட்டினார்கள். நான் கம்பெனி பேக்கெட்டையே 290-க்கு வாங்கினேன். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலிக்கு முன்னால் இந்த வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை.

இனி வேலை. பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஸ்டார்ட்டர் மோட்டார், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கிளட்ச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், கியர் ராடு என்று வரிசையாக எடுத்து, கியர்பாக்ஸை ஜாக்கியில் தாங்கிப் பின்னால் இழுத்து இறக்கினார்கள். எஞ்சினைக் கழற்றவே இல்லை. 14,000 சொன்ன இடத்தில் எஞ்சினை ஏன் கழற்றவேண்டும் என்றார்களோ, தெரியவில்லை. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு நேர் பின்னால் இருக்கிறது. பள்ளத்தில் நின்றபடி இரண்டு ஆள் இறக்கிவிடலாம்.

பிரஷர் பிளேட்டைத் திறந்ததும் உள்ளேயிருந்து கிளட்ச் பிளேட் வழுக்கிக்கொண்டு வந்தது. ஆயிலில் குளித்திருந்தது. பையன் பெட்ரோலில் கழுவித் திரும்பப் போட்டுவிடலாம் என்றான். எனக்கு ஆயிரக்கணக்கில் மிச்சமாகுமே என்று நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். மேஸ்திரி அவனை முறைத்தார். லைனிங்குக்குள் ஊறிய எண்ணெய் கழுவினால் போகாது. சூடேறினால் திரும்ப வெளியே வரும், திரும்ப வழுக்கும். பிளேட் குப்பைக்குப் போனது.

கிளட்ச் உட்காரும் கனமான சக்கரமான ஃப்ளைவீலையும் எடுத்த பிறகு சீல் தெரிந்தது. சீலை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துவிட்டு, ஹவுசிங்கைக் கழற்றாமலே புதியதை அடித்து ஏற்றுவதுதான் பொதுவாகச் செய்கிற குறுக்கு வழி. இவர் ஹவுசிங்கையே கழற்றினார். காரணம், ஹவுசிங்கின் பேக்கிங் ஓரத்திலும் ஈரம் இருந்தது. நெம்பும்போது ஸ்க்ரூ டிரைவர் நுனி கிராங்க்கைக் கீறிவிட்டால் புது சீலும் அந்தக் கீறல் வழியே ஒழுகும். ஆனால் ஹவுசிங்கின் அடிப்பக்கம் சம்ப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றினால் சம்ப் பேக்கிங் பிய்யும். அதனால் சம்ப்பையும் இறக்கினார். பட்டியலில் சம்ப் பேக்கிங் ஏன் இருந்தது என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சம்ப்பை இறக்கியது நல்லதாகப் போயிற்று. ஆயிலை உறிஞ்சும் வலையில் சாம்பல் நிறத்தில் நூல் நூலாக ஏதோ ஒட்டியிருந்தது. மேஸ்திரி நகத்தால் சுரண்டி என் உள்ளங்கையில் வைத்தார். காய்ந்த அனபாண்ட். பழைய ஒர்க்ஷாப்பில் டேப்பட் கவருக்கு அப்பியது உள்ளே பிதுங்கி, அறுந்து விழுந்து, ஆயிலோடு இறங்கி வலையை அடைக்க ஆரம்பித்திருக்கிறது. அனபாண்டைக் குறை சொல்லவில்லை, இவரும் சம்ப் மூலையில் அதைத்தான் போட்டார். ஆனால் மெல்லிய கோடாக, அரிசி அகலத்துக்கு. அப்பினால் வெளியே பிதுங்குகிற அளவு உள்ளேயும் பிதுங்கும். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது எஞ்சின் பிடித்துக்கொள்ளும்போதுதான் தெரியும்.

பழைய சீல் இப்போது என் கடை மேஜையில் இருக்கிறது. விரலால் அழுத்தினால் உதடு மடங்கவில்லை, பட்டென்று ஒடிந்தது. ஷாஃப்டைத் தொட்டிருக்கவேண்டிய நுனி பட்டையாகத் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. கிராங்க்கிலும் சீல் ஓடிய இடத்தில் ஒரு கோடு. மெத்தென்ற ரப்பர் இரும்பைத் தேய்க்குமா என்று கேட்டேன். ரப்பர் தேய்ப்பதில்லை, ரப்பரில் சிக்கிய கரியும் தூசும் தேய்க்கிறது என்றார். ஐடிலிலேயே நிமிடத்துக்கு எண்ணூறு சுற்றுக்கு மேல், அதுவும் இருபத்தைந்து வருஷம். அந்தக் கோட்டின் குறுக்கே நகத்தை ஓட்டச் சொன்னார். லேசாகத் தடுக்கியது, ஆனால் மாட்டிக்கொண்டு நிற்கவில்லை.

நகம் மாட்டிக்கொண்டு நிற்கிற அளவு பள்ளம் என்றால் ஷாஃப்டின் மேல் ஒரு மெல்லிய இரும்பு உறை ஏற்றவேண்டும். எஸ்.கே.எஃப். கம்பெனி ஸ்பீடி ஸ்லீவ் என்று விற்கிறது, 0.28 மி.மீ. தடிமன்தான், அதனால் அதே அளவு சீலே போதும். என் வண்டிக்கு அது தேவைப்படவில்லை. நைஸ் எமரித் தாளைச் சுற்றுவாக்கில் மட்டும் ஓட்டிப் பளபளப்பாக்கினார். நீளவாக்கில் தேய்த்தால் அந்தக் கோடுகளே எண்ணெய்க்கு வாய்க்கால் ஆகிவிடும். பிறகு புது சீலைப் பழைய ஆழத்துக்கு இறக்காமல் ஒரு மி.மீ. வெளியே நிறுத்தினார். உதடு இப்போது பழைய கோட்டின் மேல் ஓடாது, பக்கத்தில் தேயாத இரும்பின் மேல் ஓடும். இந்த ஒரு மில்லிமீட்டரைத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை.

சீலை ஹவுசிங்கில் ஏற்றியது ஒரு பெரிய பழைய பேரிங் வளையத்தை மேலே வைத்து, சுற்றிச் சுற்றிச் சின்னச் சின்னத் தட்டாக. நடுநடுவே நான்கு பக்கமும் வெர்னியர் வைத்து ஆழம் பார்த்தார். ஒரு பக்கம் சாய்ந்தால் உதடு ஒரே இடத்தில் அழுந்தித் தேயும். ஏற்றும் முன் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவினார். காய்ந்த உதட்டோடு ஏற்றி ஸ்டார்ட் செய்தால் முதல் சில சுற்றிலேயே கருகிவிடுமாம்.

கொட்டகையில் எல்லாம் தரையில் கிடக்கும். ஒன்று மட்டும் துணியில் சுற்றி அலமாரியில் இருந்தது. எவ்வளவு பலத்தில் முறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச். ஃப்ளைவீல் போல்ட்டுகளைச் சுத்தம் செய்து, மரையில் லாக் திரவம் விட்டு, எதிரெதிராக அந்த ரெஞ்சில் முறுக்கினார். கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்த, பழைய ஆம்னி கியர்பாக்ஸிலிருந்து அறுத்தெடுத்த இன்புட் ஷாஃப்ட் துண்டு ஒன்று வைத்திருக்கிறார். அது நடுவில் நின்றால்தான் கியர்பாக்ஸ் மல்லுக்கட்டாமல் உள்ளே போகும்.

செலவு: சீல் 290, பேக்கிங்குகள் 260, கிளட்ச் செட் ரிலீஸ் பேரிங்கோடு 2,350, பி.சி.வி. வால்வு 180, ஃபில்டர் 110, ஆயில் 1,150. கூலி 3,200. மொத்தம் 7,540 ரூபாய். கூலியில் பேரம் பேசிப் பார்த்தேன். "கம்மி பண்ணா கம்மியாத்தான் கழட்டுவேன்" என்றார். பேசாமல் கொடுத்துவிட்டேன்.

இனி குறைகள். இதையும் சொல்லாவிட்டால் நாளை யாராவது போய்விட்டு என்னைத் திட்டுவீர்கள்.

நேரம். "நாளைக்கு சாயங்காலம் எடுத்துக்கோ" என்றால் அதற்கு அர்த்தம் நாளை சாயங்காலம் இல்லை. கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தது, அது வர தாமதம். கரண்ட் இல்லை, கம்ப்ரஸர் ஓடவில்லை. நடுவே ஒரு ஆம்புலன்ஸ் ஆம்னி வந்துவிட்டது, அதைப் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு காரணமும் உண்மைதான். ஆனால் போன் போட்டுச் சொல்லமாட்டார், நாம் போட்டாலும் எடுக்கமாட்டார். உத்திரமேரூரில் ஒரு காதுகுத்துக்கு நான் குட்டி யானையை 1,500 ரூபாய்க்கு வாடகைக்கு எடுக்கவேண்டி வந்தது. வண்டியை நம்பிப் பிழைப்பவர்கள் முகூர்த்த நாளை ஒட்டி விடாதீர்கள்.

முடிப்பு வேலை சுமார். வீட்டுக்கு வந்து ரிவர்ஸ் போட்டால் பின் விளக்கு எரியவில்லை. கியர்பாக்ஸில் இருக்கும் ரிவர்ஸ் சுவிட்சின் ஒயரை மாட்ட மறந்திருக்கிறார்கள். கிளட்ச் கேபிளை இழுத்துக் கட்டியிருந்தார்கள், மிதியில் விளையாட்டே இல்லை. அப்படியே ஓட்டினால் புது ரிலீஸ் பேரிங் சும்மா சுற்றித் தேயும். திரும்பப் போனேன். காசு கேட்கவில்லை, முகமும் சுளிக்கவில்லை, ஆனால் வரிசையில் நிற்கவைத்துத்தான் செய்தார். சீட்டு ரெக்சினில் பையனின் கைத்தடம் இன்னும் போகவில்லை. என் மனைவி அதைப் பார்க்கும்போதெல்லாம் "ஏங்க, இதுக்கும் சேத்தா காசு குடுத்தீங்க?" என்கிறாள்.

பில் கிடையாது. கிளட்ச் டப்பா அட்டையில் எழுதித் தந்த கணக்குதான். வாரண்டி கேட்டால் "நான் எங்க போய்டப் போறேன்" என்பார். அலுவலகக் கணக்கில் காட்டவேண்டியவர்களுக்கு இது ஒத்துவராது.

பலன் என்னவென்றால், வண்டி எடுத்த முதல் சில நாள் பெல் ஹவுசிங் அடியில் சொட்டு விழத்தான் செய்தது. பதறவேண்டாம், உள்ளே பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும், அது வடிகிற வரைக்கும் அப்படித்தான் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்துப் பார்த்தேன். பொட்டு சின்னதாகி, அப்புறம் இல்லாமலே போனது. ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில் ஆர்டர். மதுராந்தகம், உத்திரமேரூர், திருக்கழுக்குன்றம் என்று முழு லோடோடு ஓடியது. ஆயில் ஸ்டிக் மேல்கோட்டை விட்டு இறங்கியது கண்ணுக்கே தெரியவில்லை. கிளட்ச் பிடிப்பு பழைய மாதிரி திரும்பிவிட்டது.

இந்த வேலைக்குப் போகிறவர்கள் போவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வண்டியை நீங்களே கழுவிக்கொண்டு போகாதீர்கள். எண்ணெய் எங்கிருந்து எங்கே ஓடியிருக்கிறது என்ற தடத்தை அவர் முதலில் பார்க்கவேண்டும், கழுவுவதும் பவுடர் போடுவதும் அதற்கு அப்புறம்தான். வெள்ளிக்கிழமை மதியம் போனால் ஆள் இருக்கமாட்டார். காலை எட்டரைக்குள் போனால் டீ குடித்துக்கொண்டே பார்த்துவிடுவார்.

கிளம்பும்போது முன்பக்க புல்லி ஓரத்தையும் டார்ச் அடித்துக் காட்டினார். முன்பக்க கிராங்க் சீலிலும் லேசான ஈரம். அது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால் ஆயில் பம்ப்பில் உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஒழுகினால் எண்ணெய் பெல்ட்டில் பட்டு பெல்ட்டையும் கெடுக்கும். இப்போதே செய்துவிடலாமா என்று கேட்டேன். பெல்ட் இன்னும் ஓடும், பெல்ட் மாற்றும்போது சேர்த்துச் செய்தால் ஒரே கூலி என்று அனுப்பிவிட்டார். கையில் காசோடு நின்றவனிடம் அடுத்த வேலையை வேண்டாம் என்று சொன்ன மெக்கானிக்கை எனக்கு வேறு இடத்தில் பார்த்த ஞாபகம் இல்லை. மார்கழி ஆர்டர்கள் முடிந்ததும் பெல்ட்டையும் முன் சீலையும் வாங்கிக்கொண்டு அங்கேதான் போகப்போகிறேன். ரிவர்ஸ் லைட்டை மட்டும் ஷெட்டை விட்டுக் கிளம்பும் முன்பே போட்டுப் பார்த்துவிடுவேன்.